பாதிப் படம் காதில் இருக்கிறது!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது கொஞ்சம் பயந்துவிட்டேன். நாமெல்லாம் எழுதிப் பழகியது ரெக்கார்ட் நோட்டு ஒன்றுதான். நோக்கம், தத்துவம், சோதனை, முடிவு என்று எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. இதைச் சொன்னதும், "அப்போ அதே மாதிரியே எழுதிடு, நாங்க படிக்கிறோம்" என்றார்கள். அதனால் இந்தக் கட்டுரையும் ஒரு ரெக்கார்ட் நோட்டு மாதிரியே போகும். தலைப்பைப் பார்த்து, நடிகர் நடிகைகளைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று ஆசையோடு வந்தவர்கள் மன்னிக்கவும். இது சினிமாவில் வரும் சத்தத்தைப் பற்றியது.

நோக்கம்

சினிமாவில் ஒலி என்ன வேலை செய்கிறது என்று கண்டறிதல்.

இந்தக் கேள்வி எனக்கு வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தபோது வந்தது. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டுகிறவர். காது சரியாகக் கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு திகில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வீட்டில் தனியாக உட்கார்ந்து துணி மடிக்கிறாள். சட்டென்று கை நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பினாள். அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். அப்பா மட்டும் சாவகாசமாக, "ஏங் கண்ணு, அந்தப் புள்ள எதுக்கு இப்பத் திரும்பிப் பாக்குது?" என்று கேட்டார்.

"யாரோ கதவைத் தட்டறாங்கப்பா."

"யாரு?"

"தெரியலீங்கப்பா, வெளிய நிக்கறாங்க."

அன்றைக்கு ராத்திரி இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் நின்றான். அவனை நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. ஆனாலும் அவன் அங்கே இருந்தான். அப்பாவுக்கோ வெளியே ஆளே கிடையாது. ஒரே வீடு, ஒரே டி.வி., ஒரே நேரம். ஆனால் நாங்கள் பார்த்தது ஒரு படம், அப்பா பார்த்தது வேறொரு படம்.

அதற்குப் பிறகு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, காதில் விழுவதை அவருக்குச் சொல்வது என் வேலை ஆயிற்று. அப்படிச் சொல்லப் போய்த்தான் ஒன்று புரிந்தது. எந்தெந்த இடத்தில் நான் வாயைத் திறக்க வேண்டி வந்ததோ, அந்தந்த இடத்தில் எல்லாம் ஒலி ஏதோ ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் ஆதாரம்.

தத்துவம்

முதலில் கொஞ்சம் வரலாறு. இந்தியாவின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா', அர்தேஷிர் இரானி இயக்கியது. 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியானது. ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. அந்தக் காலத்தில் பேச்சைப் பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி இல்லை, நடிக்கும்போதே பதிவாக வேண்டும். அதனால் ரயில் சத்தம் ஓய்ந்த ராத்திரி நேரத்தில்தான் பெரும்பாலும் படம் பிடித்தார்கள்.

அதே வருஷம் அக்டோபர் 31-இல் எச்.எம்.ரெட்டி இயக்கிய 'காளிதாஸ்' வந்தது. முதல் தமிழ்ப் பேசும் படம் என்று நாம் சொல்வது இதைத்தான். அதில் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்! இன்றைக்கு அப்படி ஒரு படம் வந்தால் சிரிப்போம். ஆனால் அன்றைக்கு ஜனங்களுக்குத் திரையில் இருப்பவர் வாய் திறந்து பேசுவதே அதிசயம்.

இந்த மாற்றம் கேமராவையும் புரொஜெக்டரையும்கூட விட்டுவைக்கவில்லை. ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் கொஞ்சம் கூடலாம், குறையலாம், கண் பொறுத்துக்கொள்ளும். காது பொறுக்காது. வேகம் மாறினால் குரலின் சுருதி மாறிவிடும், ஆண் குரல் பெண் குரலாகிவிடும். ஆகவே ஒலி வந்த பிறகு ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள் என்று நிலையாக வைத்தார்கள். இன்றைக்கும் பெரும்பாலான சினிமாவுக்கு அந்த 24-தான்.

அந்த நாளில் ஒலியை பிலிம் ஓரத்திலேயே ஒரு கோடாகப் பதித்தார்கள். புரொஜெக்டரில் ஒரு சின்ன விளக்கின் ஒளி அந்தக் கோட்டை ஊடுருவிப் போய் போட்டோசெல் மேல் விழும். கோட்டின் அகலம் மாற மாற ஒளி கூடும், குறையும். போட்டோசெல் அதை மின்சாரமாக மாற்றும். ஆம்ப்ளிஃபையர் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். நாம் இரண்டாம் ஆண்டில் படித்த சமாச்சாரம்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. படம் தெரிய வேண்டுமானால் பிலிம் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கணம் நின்று நின்று போக வேண்டும். ஒலி கேட்க வேண்டுமானால் நிற்காமல் ஓட வேண்டும். ஒரே பிலிம் ஒரே இடத்தில் நிற்கவும் ஓடவும் முடியுமா? அதனால் படம் தெரியும் இடம் ஒன்று, ஒலி படிக்கும் இடம் வேறு. 35 எம்.எம். பிலிமில் ஒரு படத்துக்கு உரிய ஒலியை சுமார் 20 கட்டம் முன்னால் பதித்தார்கள். பிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகு இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஹார்ட் டிஸ்கில் வந்துவிடுகிறது.

இன்னொன்று. தியேட்டரில் முன்பக்க ஸ்பீக்கர்கள் வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருக்கும். திரை முழுக்க ஊசி குத்தியது போல் பொடிப்பொடி ஓட்டைகள் உண்டு. அதன் வழியாகச் சத்தம் வருவதால்தான் நடிகரின் வாயிலிருந்தே குரல் வருவதாக நமக்குத் தோன்றுகிறது. ஆக, கண்ணும் காதும் தனித்தனியே வாங்குவதை மனசு ஒன்றாகக் கட்டிக்கொள்கிறது. சினிமாவின் வித்தை முழுக்க இந்தக் கட்டில்தான் இருக்கிறது.

ஒரு படத்தில் கேட்கும் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்கலாம்.

1. பேச்சு: வசனம், பின்னால் இருந்து கதை சொல்லும் குரல்.

2. ஓசை: காலடி, கதவு, மழை, வண்டி, நாய் குரைப்பு.

3. இசை: பாட்டும், நம் ஊரில் ரீ-ரிக்கார்டிங் என்று சொல்லும் பின்னணி இசையும்.

நான்காவதாக மௌனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது சும்மா விட்ட இடம் அல்ல, வேண்டுமென்றே வைப்பது.

இதையே வேறு விதமாகவும் பிரிக்கலாம். கதைக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும் சத்தம் ஒன்று. டீக்கடை ரேடியோ, கோயில் மணி இப்படி. நமக்கு மட்டும் கேட்டு, கதைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காத சத்தம் இன்னொன்று. பின்னணி இசை அப்படி. காதலர்கள் வயலில் ஓடும்போது நூறு வயலின் வாசிக்கிறதே, அது அவர்களுக்குக் கேட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்களா?

ஓசைகளில் பல, படப்பிடிப்பில் கிடைத்தவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். படம் எடுத்து முடித்தபின், திரையைப் பார்த்துக்கொண்டே காலடிச் சத்தம், சேலை உரசும் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் புதிதாக உண்டாக்கிப் பதிவு செய்கிறார்கள். தட்டில் மணலைக் கொட்டி அதன் மேல் நடப்பார்கள். கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும். இந்தக் கலைக்கு 'ஃபோலி' என்று பெயர். ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

சோதனை 1: கண்ணுக்குத் தெரியாத ஆள்

அப்பாவின் கதவு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு, 1931-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' என்ற படத்தைப் பார்த்தேன். 'காளிதாஸ்' வந்த அதே வருஷம். அங்கேயும் பேசும் படம் புதுசுதான். ஆனால் அந்த மனிதர் அதற்குள் ஒலியின் நாடியைப் பிடித்துவிட்டார். படத்தில் பின்னணி இசையே கிடையாது.

குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை. ஆரம்பத்தில் ஒரு தாய் பள்ளிக்கூடம் விட்டு மகள் வருவாள் என்று சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கிறாள். நேரம் போகிறது. மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் குரல் கேட்கும்போது திரையில் தாயைக் காட்டவில்லை. ஆளில்லாத மாடிப்படி. துணி காயும் பரண். சாப்பாட்டு மேஜையில் காலித் தட்டு. பிறகு புல்லுக்குள்ளிருந்து ஒரு பந்து மட்டும் உருண்டு வந்து நிற்கிறது. ஒரு பலூன் கம்பியில் மாட்டிக்கொண்டு ஆடுகிறது. கொலையைக் காட்டவே இல்லை. ஒரு துளி ரத்தம் இல்லை. ஆனால் எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

இதே காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். படிக்கட்டு வெறும் படிக்கட்டு, தட்டு வெறும் தட்டு. யாரோ வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி இருந்தது. அந்த அம்மாவின் குரல் போய் ஒவ்வொரு இடமாகத் தேடியதால்தான் ஒவ்வொரு இடமும் காலியாகத் தெரிந்தது. குரல் இல்லாவிட்டால் காலி என்பதே தெரியாது.

அந்தக் கொலைகாரனுக்கு ஒரு பழக்கம். நார்வே நாட்டு கிரீக் என்ற இசையமைப்பாளரின் மெட்டு ஒன்றை விசிலடிப்பான். போகப் போக அவன் முகம் தெரிய வேண்டியதில்லை, விசில் கேட்டாலே போதும், நமக்குப் பதறுகிறது. கடைசியில் அவனை அடையாளம் கண்டுபிடிப்பது யார் தெரியுமா? பலூன் விற்கும் ஒரு பார்வையற்ற கிழவர். ஊரே கண்ணால் தேடியும் கிடைக்காதவன், அவர் காதில் சிக்கிவிட்டான்!

சோதனை 2: பயம் எங்கே இருக்கிறது?

எங்கள் வீட்டில் பேய்ப் படம் பார்த்துச் சிரிப்பவர் அப்பா ஒருவர்தான். நாங்கள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டிருப்போம். அவர், "முடியை விரிச்சுப் போட்டுட்டு வந்தா பயமா? உங்கம்மா தினமும் காலைல அப்படித்தான் வர்றா" என்பார். அம்மா முறைப்பார். தைரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தைரியம் இல்லை. பயம் முழுக்க ஸ்பீக்கரில் இருந்தது. அவருக்கு அது வந்து சேரவில்லை.

இதற்குப் பெரிய உதாரணம் 1960-இல் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'. அதில் குளியலறைக் கொலை உலகமெங்கும் பேசப்படும் காட்சி. ஹிட்ச்காக் முதலில் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் முதலிய தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக் கீச்சுக் கீச்சென்று ஓர் இசை போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் மனசை மாற்றிக்கொண்டார். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து அந்தக் காட்சியை ஒருமுறை சத்தமில்லாமலும் ஒருமுறை சத்தத்தோடும் பார்த்தோம். சத்தமில்லாமல் பார்த்தபோது, "கட்டிங் எல்லாம் நல்லா இருக்குடா" என்று பேசிக்கொண்டோம். சத்தத்தோடு பார்த்தபோது யாரும் பேசவில்லை.

அதே ஹிட்ச்காக் 1963-இல் 'தி பேர்ட்ஸ்' எடுத்தபோது வழக்கமான பின்னணி இசையே வைக்கவில்லை. பறவைகளின் கூச்சலும் சிறகடிப்பும், நடுநடுவே அமைதியும்தான். இசை போட்டால்தான் பயம் வரும் என்று சூத்திரம் ஒன்றும் இல்லை. அந்தக் காட்சிக்கு எது வேண்டும் என்பதே கேள்வி.

சோதனை 3: கேட்காத அழுகை

சத்யஜித் ரே 1955-இல் எடுத்த 'பதேர் பாஞ்சாலி' வங்காளப் படம். இசை பண்டிட் ரவிசங்கர். அதில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் வயல்வெளிக்குப் போகும் காட்சி. தந்திக் கம்பத்தில் காதை வைத்து அந்த ரீங்காரத்தைக் கேட்கிறாள் துர்கா. பிறகுதான் ரயில் வருகிறது. அந்தக் குழந்தைகளுக்கு வெளியுலகம் முதலில் காது வழியாக வருகிறது.

பிறகு துர்கா காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். சம்பாதிக்கப் போன அப்பா விஷயம் தெரியாமல் ஊருக்குத் திரும்பி வருகிறார். வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகளுக்கு வாங்கிய சேலையை நீட்டுகிறார். அதுவரை கல் மாதிரி நின்றிருந்த தாய் அந்தச் சேலையைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள். ஆனால் நமக்கு அவள் அழுகை கேட்பதில்லை. அந்த இடத்தில் அவள் குரலை எடுத்துவிட்டு, தார் ஷெனாய் என்ற வில் போட்டு வாசிக்கும் தந்தி வாத்தியத்தை உச்ச ஸ்தாயியில் வைத்திருக்கிறார் ரே.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை புரியாது. "அழுகையே கேக்கல, ஆனா நெஞ்ச அறுக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏன் அப்படி? நான் நினைப்பது இது. அழுகைச் சத்தம் கேட்டால் அது அந்த ஒரு தாயின் அழுகையாக இருக்கும். நாம் அடுத்த வீட்டுக்காரர் மாதிரி எட்டி நின்று பார்ப்போம். குரலை எடுத்துவிட்டதால் அந்த இடத்தில் பார்க்கிறவர் தன் வீட்டு அழுகையைக் கொண்டு வந்து வைக்கிறார். ஒலியைச் சேர்ப்பது மட்டும் கலை இல்லை, எடுப்பதும் கலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சோதனை 4: அப்பா முதலில் சிரித்த படம்

1987-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'பேசும் படம்'. பெயர்தான் பேசும் படம், வசனமே கிடையாது. ஆனால் ஊமைப்படம் என்று சொல்ல முடியாது. தெருச் சத்தம், வண்டிச் சத்தம், இசை எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் இல்லை. அப்பாவுக்கு ஏற்ற படம் என்று நினைத்துப் போட்டேன். முதல் தடவையாக நான் பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதில் வேலையில்லாத ஏழை இளைஞன் ஒருவன். அவன் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சினிமா தியேட்டர். ராத்திரியெல்லாம் படத்துச் சண்டைச் சத்தம். பிறகு ஒரு வழியாகப் பெரிய ஓட்டலில் ஆடம்பர அறைக்குப் போய்ச் சேர்கிறான். பஞ்சு மெத்தை, பூரண அமைதி. தூக்கம் வரவில்லை! பழைய இடத்துக்குப் போய் அந்தத் தியேட்டர் சத்தத்தை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து வந்து, போட்டுவிட்டுக் குறட்டை விடுகிறான்.

இந்த இடத்தில் எங்களுக்கு முன்னால் அப்பா சிரித்துவிட்டார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காரணம் எங்கள் வீட்டுக்கே தெரியும். தீபாவளி, பொங்கலுக்குத் தறி நின்றால் அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வராது. எழுந்து எழுந்து உட்காருவார். "என்னமோ மாதிரி இருக்கு" என்பார். வசனம் எழுதிப் புரிய வைக்க வேண்டியதை ஒரு டேப் ரிக்கார்டர் சொல்லிவிட்டது. பழகின சத்தம்தான் ஒரு மனுஷனுக்கு வீடு. பணம் வந்து அறை மாறினாலும் காது பழைய வீட்டிலேயே இருக்கிறது.

நம் தமிழில் இதற்கு முன்னாலேயே துணிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1954-இல் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. அதில் சிவாஜி கணேசன் ஒரு ரேடியோ இன்ஜினியர் என்பது நம் துறைக்குப் பெருமை (கெட்டவர் என்பது வேறு விஷயம்!). 1988-இல் பாலு மகேந்திராவின் 'வீடு', 1995-இல் பி.சி.ஸ்ரீராமின் 'குருதிப்புனல்' இவையும் பாட்டில்லாத படங்களே.

அளவீடு

சோதனை என்றால் ஒரு கிராஃப் இல்லாமல் முடியுமா? போன வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அதற்கே ஒரு கதை. "காது பாக்கப் போலாம்ப்பா" என்றேன். "காசுக்கு இப்ப எங்க போறது?" என்றார். அவருக்கு 'காது' என்றாலும் 'காசு' என்றாலும் ஒன்றாகத்தான் விழுகிறது. நான் சிரித்துவிட்டேன். பிறகு ஏன் சிரித்தோம் என்று இருந்தது.

அங்கே ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு அலைவரிசையாகச் சத்தம் கொடுத்துச் சோதித்தார்கள். கடைசியில் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆடியோகிராம் என்று பெயர். பார்த்ததும் திடுக்கிட்டேன். நாம் ஆய்வுக்கூடத்தில் ஆம்ப்ளிஃபையருக்குப் போடும் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் கிராஃப் அப்படியே! கீழே ஹெர்ட்ஸ், பக்கத்தில் டெசிபல். 500 ஹெர்ட்ஸில் பரவாயில்லை. 2000-க்கு மேல் சரிய ஆரம்பித்து, 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்திருந்தது.

இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் அடிபடுவது பெரும்பாலும் இந்த 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான். பேச்சில் உயிர் எழுத்துகளின் பலம் தாழ்ந்த அலைவரிசையில் இருக்கிறது. 'ச', 'ஸ', 'ஷ' போன்ற மெய்யொலிகளின் அடையாளம் உயர்ந்த அலைவரிசையில் இருக்கிறது. ஆகவே அவருக்குக் குரல் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. நாம் கத்திப் பேசினாலும் பிரயோசனம் இல்லை, குரல்தான் பெரிதாகும்.

தறிப்பட்டறையில் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் வாயசைவையும் கைச்சாடையையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் அப்பா டி.வி.யிலும் உதட்டைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் வேற்று மொழியிலிருந்து டப்பிங் செய்த படம் என்றால் சேனலை மாற்றச் சொல்லிவிடுவார். "வாய் ஒண்ணு பேசுது, கதை ஒண்ணு போகுது" என்பார். நாம் காது கொடுத்துக் கேட்பதால் உதடு ஒட்டாததை மன்னித்துவிடுகிறோம். அவரால் முடியாது.

நம் நாட்டில் ரொம்ப காலம் தமிழ்ப் படத்துக்கே வசனத்தைப் பிறகு ஸ்டுடியோவில்தான் பேசிச் சேர்த்தார்கள். கேமரா போடும் சத்தமும் கூட்டத்தின் சத்தமும் காரணம். 2001-இல் வந்த இந்திப் படம் 'லகான்' படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்து பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2009-இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காகக் கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி, ஆஸ்கார் விருதை வேறு இருவரோடு பகிர்ந்து பெற்றார். சத்தத்துக்கும் விருது உண்டு என்பது நம்மில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

நாங்கள் செய்த தவறு

போன வருஷம் நாங்கள் நாலு பேர் மொபைலில் ஒரு குறும்படம் எடுத்தோம். மூன்று நிமிஷம். ஆரம்பம் முதல் கடைசி வரை சோகமான புல்லாங்குழலை ஓட்டிவிட்டோம். பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லாருக்கு கண்ணு. ஆனா ஏன் ஒருத்தரும் ஒண்ணும் பேசிக்கல?" என்றார். அவருக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன். வகுப்பில் போட்டுக் காட்டினால் நல்ல காது உள்ள நாற்பது பேரும் அதையே கேட்டார்கள்! இசை வசனத்தை விழுங்கியிருந்தது. அதில் படித்த பாடங்களைக் குறும்படம் எடுக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

1. மொபைல் மைக் பக்கத்தில் இருப்பதைத்தான் நன்றாகப் பிடிக்கும். நடிப்பவர் சட்டைப் பைக்குள் இன்னொரு மொபைலை வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். ஆரம்பத்தில் ஒரு கைத்தட்டு தட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு ஒட்டுவது சுலபம்.

2. மின்விசிறியை நிறுத்துங்கள். நம் காது அதை மறந்துவிடும், மைக் மறக்காது.

3. காட்சி எடுத்த இடத்தில் யாரும் பேசாமல் அரை நிமிஷம் அந்த அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்து வையுங்கள். வசனத்துக்கு நடுவே வெட்டிய இடங்களில் அதைப் போட்டால் ஒட்டுத் தெரியாது.

4. பேச்சு வரும்போது இசையை இறக்குங்கள். இசை எதற்கு என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

5. முடிந்ததும் படத்தை இரண்டு தடவை பாருங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு, ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு. இரண்டிலும் ஒரே விஷயம்தான் கிடைக்கிறது என்றால் உங்கள் ஒலி சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

முடிவு

சினிமாவில் கண் நமக்குக் காட்டுவது திரைக்குள் இருப்பதை மட்டும். கதவுக்கு வெளியே நிற்பவனையும், வராத குழந்தையையும், வரப்போகும் ஆபத்தையும், வாய்விட்டுச் சொல்ல முடியாத துக்கத்தையும் காதுதான் கொண்டு வருகிறது. ஆகவே பாதிப் படம் காதில் இருக்கிறது எனக் கண்டறியப்பட்டது.

முன்னெச்சரிக்கை

நண்பர்களே, ரெக்கார்ட் நோட்டில் நாம் படிக்காமலே பார்த்து எழுதும் பகுதி இது. இங்கே மட்டும் தயவுசெய்து படியுங்கள்.

விசைத்தறிப் பட்டறையில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90-தான் நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் வரம்பு. உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. ரெசிஸ்டர் போனால் மாற்றலாம், ஐ.சி. போனால் மாற்றலாம். காதுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது. நம்மில் பாதிப் பேர் நாளைக்கு மில்லிலும் ஒர்க் ஷாப்பிலும் ஜெனரேட்டர் ரூமிலும்தான் வேலைக்கு நிற்கப் போகிறோம். காது அடைப்பான் கொடுத்தால் கூச்சப்படாமல் போடுங்கள். கொடுக்காவிட்டால் கேளுங்கள். இயர்போனை முழு வால்யூமில் வைப்பவர்களுக்கும் இதே செய்திதான்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது முதலில், "போனது போச்சு, இனி எதுக்கு?" என்றார். நான் அந்த கிராஃபை எடுத்துக் காட்டினேன். விழுந்த பள்ளத்தைக் காட்டவில்லை, விழாமல் மிச்சம் இருக்கும் இடது பக்கத்தைக் காட்டினேன். "நாங்க பேசறதுல உங்களுக்கு இன்னும் கேக்கறதெல்லாம் இதுக்குள்ளதாங்கப்பா இருக்கு" என்றேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஷிப்டுக்குப் போகும்போது காது அடைப்பானைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். காது மெஷின் வாங்க வேண்டும். என் முதல் சம்பளத்தில் அதுதான் கணக்கு.

திருவள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அவர் சொன்னது நல்லோர் சொல்லைக் கேட்பது பற்றி. நாம் கதவு தட்டும் சத்தத்திலிருந்தாவது ஆரம்பிப்போம். அடுத்த தடவை படம் பார்க்கும்போது ஒரே ஒரு காட்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நான் சொன்னது சரியா தப்பா என்று கேண்டீனில் சந்திக்கும்போது சொல்லுங்கள்.